சலவைத்தொழிலும் நீர்க்காப்பும்

(நெல்லிவாசல்நாட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்திலே நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, உத்தியோகம், விவாக சம்பந்தங்கள் முதலிய எத்தனையோ விஷயங்கள் நம் சங்கத்தின் முன் நிற்க, அழுக்குத் தண்ணீரைக் குறித்துப் பேச ஒரு சொற்பொழிவு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம் மரபினரிற் பலர் இன்று ஆசிரியராகவும் வைத்தியராகவும் அரசாங்க ஊழியராகவும் விளங்குகின்றனர். அது நமக்குப் பெருமையே. ஆயினும், துறையையும் இஸ்திரிப் பெட்டியையும் நம்பி அடுப்பேற்றும் குடும்பங்கள் இன்னும் நம்முள் மிகுதி. விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் சலவைச்சாலைகளை நடத்தும் நம்மவரும் உளர். இத்தொழில் நிலைக்குமா என்னும் கேள்வி, நீர் நிலைக்குமா என்னும் கேள்வியோடு பிணைந்திருக்கிறது. ஆதலின் இவ்விஷயம் நம் சோற்றைப் பற்றியது. அதற்கும் மேலாக நம் மானத்தைப் பற்றியது.

இதனை நெல்லிவாசல்நாட்டிலே பேச நேர்ந்ததும் பொருத்தமே. இந்த ஜவ்வாதுமலைத் தொடர், ஒருபுறம் பாலாற்றுக்கும் மற்றொருபுறம் தென்பெண்ணைக்கும் நீர் வார்ப்பது. செய்யாறு, நாகநதி, கமண்டலநதி ஆகியவை இம்மலையிற் பிறந்தவையே. திருப்பத்தூரிலும் வாணியம்பாடியிலும் போளூரிலும் ஆரணியிலும் நாம் கிணற்றிலிருந்து இறைக்கும் நீரில் ஒரு பங்கு இம்மலைச்சரிவுகளில் விழுந்த மழையே. இங்கே வாழும் மலையாளிப் பெருமக்கள் சாமை விதைத்து, காட்டைத் தாயாக எண்ணி, நீரூற்றுக்களைக் காத்து வந்தனர். மேலே இருப்போர் தெளிவாக விடும் நீரைக் கீழே இருக்கும் நாம் எவ்வண்ணம் திருப்பி விடுகிறோம் என்பதே இன்று நாம் ஆராயவேண்டுவது.

நம் முன்னோர் தொழில் செய்த முறை

நம் முன்னோரின் பண்டங்கள் மிகச் சில. உவர்மண், சாம்பல், வெள்ளாவிச் சால், துவைகல், நீலம், கஞ்சி, இவற்றுக்கெல்லாம் மேலாகச் சூரியன். உவர்மண் என்பது இயற்கையிலே பூமியின்மேல் பூக்கும் சோடா உப்பு கலந்த மண். அதிலே துணியைத் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி, நீராவியால் வேகவைத்து, ஓடும் நீரில் அலசி, ஈரத்தோடு வெயிலில் விரித்தனர். ஈரத்துணியின்மேல் படும் வெயில் தானே வெளுக்கும் என்பதை இரசாயன சாஸ்திரம் கற்பதற்கு முன்னரே அறிந்திருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையிலே துணி வியாபாரம் செய்த காலத்தில், ஏற்றுமதித் துணிகளை வெளுக்க நம்மவர் குடியேறிய இடமே இன்றும் வண்ணாரப்பேட்டை எனப்படுகிறது. காஞ்சியில் வாழ்ந்து அறுபத்துமூவரில் ஒருவராக வைத்து எண்ணப்படும் திருக்குறிப்புத்தொண்ட நாயனார், ஒரு கந்தையை மாலைக்குள் உலர்த்தித் தருவதாக வாக்களித்து, மழை விடாமற் பெய்தபோது உயிரையே விடத் துணிந்தார். அடியவருக்குக் கொடுத்த சொல்லும், வெயிலை நம்பிய தொழிலும் நம் மரபில் அத்தனை பெரியவை.

பழையவை எல்லாம் நல்லவை என்று நாம் சொல்ல வரவில்லை. முழங்கால் நீரில் நின்று நின்று கால் புண்ணானதும், மூட்டை சுமந்து முதுகு வளைந்ததும், ஆண்டு முழுவதும் உழைத்துக் களத்திலே மரக்கால் தானியத்துக்குக் காத்து நின்றதும் நாம் மறக்கத்தக்கவை அல்ல. வெள்ளாவி அடுப்புக்குக் காட்டு விறகு எரிந்ததும் உண்மையே. ஆகையால் நாம் துவைகல்லுக்குத் திரும்பவேண்டும் என்பது நம் கருத்தன்று. இயந்திரம் நம் உடலைக் காப்பாற்றியது, அதை விடலாகாது. இயந்திரத்தோடு கூடவே நம் முன்னோரின் சிக்கனமும் வரவேண்டும் என்பதே நாம் கூறுவது.

இன்று நம் நீரில் கலப்பவை யாவை?

முதலாவது, சலவைத்தூள். கிணற்று நீரின் கடினத்தை முறிக்க அதிற் பலகாலமாகப் பாஸ்பேட் உப்பைச் சேர்த்து வந்தனர். அவ்வுப்பு பயிருக்கு எருவாவதுபோலப் பாசிக்கும் எருவாகும். ஏரியில் பாசி மண்டி, மடிந்து அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயுவை உண்டுவிட, மீன்கள் செத்து மிதக்கின்றன. ஐரோப்பிய நாடுகள் 2013 ஆம் ஆண்டு ஜூன் முதல் வீட்டுச் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கடுமையாக வரையறுத்தது இக்காரணத்தாலேயே.

இரண்டாவது, வெளுப்புத்தூளாகிய பிளீச்சிங் பவுடர். 1799 இல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டென்னண்ட் என்பவர் காப்புரிமை பெற்ற இப்பொருள், மாதக்கணக்கில் வெயிலிற் செய்த வேலையைச் சில நாழிகையில் செய்துவிட்டது. ஆனால் அதிலுள்ள குளோரின் துணியின் நூலையும் அரிக்கும். சாக்கடையிலுள்ள கழிவோடு கலந்து தீய சேர்மங்களையும் உண்டாக்கும். இதனோடு ஆசிட்டைக் கலப்போரும் சிலர் உளர். அக்கலவையிலிருந்து எழும் நச்சுவாயு மூச்சை அடைத்து ஆளைக் கொல்லவல்லது. தாய்மார்களே, இதை மட்டும் வீட்டுக்கு வீடு சென்று சொல்லுங்கள்.

மூன்றாவது, சலவைச் சோடா. நம் முன்னோர் உவர்நிலத்திலிருந்து உப்பை எடுத்துத் துணிக்கு இட்டனர். நாமோ கடையிலிருந்து உப்பை வாங்கி, கழிவு வழியாக நன்னிலத்தில் பாய்ச்சி, அதனை உவர்நிலமாக்குகிறோம். சோடா நீர் தொடர்ந்து பாய்ந்த களிமண் இறுகி, நீரை உள்ளே விடாது கெட்டிப்படும். அயல் வயல்காரன் நம்மீது மனத்தாங்கல் கொள்வது இதனாலேயே; அவன் சொல்வதில் நியாயமும் உண்டு.

நான்காவது கண்ணுக்குப் புலப்படாதது. பாலியெஸ்டர் முதலிய செயற்கைத் துணிகளிலிருந்து துவைக்குந்தோறும் நுண்ணிய இழைகள் கழன்று நீரோடு செல்கின்றன. ஓர் உடுப்பை ஒருமுறை துவைத்தால் 1900 இழைகளுக்கு மேலும் கழலக்கூடும் என 2011 இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டிற்று. அவை மட்காதவை.

உலர்சலவை செய்வோர் பயன்படுத்தும் பெர்க்ளோரோஎத்திலீன் என்னும் திரவத்தையும் குறிப்பிடவேண்டும். அது நீரினும் கனமானதாகையால், சிந்தினால் மண்ணுள் இறங்கி நிலத்தடி நீரை அடைந்துவிடும். அதனைக் கையாள்வோர் உடலுக்கும் அது தீது. அமெரிக்க அரசாங்கத்துச் சுற்றுச்சூழல் முகமை, உலர்சலவையில் அதனைப் பத்தாண்டுகளுக்குள் படிப்படியாக நிறுத்தும் விதியை 2024 டிசம்பரில் வெளியிட்டது.

சட்டத்தின் எச்சரிக்கை

இவற்றையெல்லாம் அறிந்தும் அசட்டையாயிருந்தால் என்ன நேரும் என்பதற்குச் சான்று தேடி வெகுதூரம் போகவேண்டுவதில்லை. நம் அயலிலே வாணியம்பாடி, ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளின் கழிவால் பாலாற்றுப்படுகையின் கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தார் தொடுத்த வழக்கில், 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 ஆம் நாள் உச்ச நீதிமன்றம், கெடுத்தவனே அதற்கு ஈடு செய்யவேண்டும் என்னும் நியாயத்தை நம் தேசத்துச் சட்டத்தின் பகுதியாகவே நிலைநாட்டிற்று.

நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் திருப்பூர். அங்கே பின்னலாடைத் துணிகளை வெளுத்தும் சாயமிட்டும் வந்த சாலைகளின் கழிவு நொய்யலாற்றிற் கலந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடலாகாது என்று நீதிமன்றம் கட்டளையிட்டும் அது முற்றும் நிறைவேறாமையால், 2011 ஆம் ஆண்டு ஜனவரி 28 ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் அச்சாலைகளை எல்லாம் மூடிவிட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட சாலைகள் ஒரே உத்தரவில் நின்றுபோயின. பெருமுதல் படைத்தோர் சுத்திகரிப்பு நிலையம் அமைத்து மீண்டும் திறந்தனர். கையில் முதலில்லாதவருக்கு அவ்வழி எளிதாக இருக்கவில்லை. சகோதரர்களே, வெளுப்புத்தொழில் என்னும் பெயரில் அவர்களுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்? நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974 முதல் அமலில் இருக்கிறது. சலவைச்சாலைக்கு என்று அதில் தனிவாசல் ஏதும் திறந்துவைக்கப்படவில்லை. வந்து மூடுமுன் நாமே திருத்திக்கொள்வது விவேகம்.

செய்யத்தக்க முறைகள்

பெரும்பணம் தேவைப்படாத முறைகளை முதற்கண் கூறுவோம்.

அலசுதலைப் பற்றிய ஒரு சிறு கணக்கைக் கேளுங்கள். பிழிந்த துணியில் ஒரு குடம் சவுக்கார நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். எட்டுக் குடம் நல்ல நீரில் ஒரே முறையாக அலசிப் பிழிந்தால், சவுக்காரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு துணியிலேயே நிற்கும். அதே எட்டுக் குடத்தை நான்கு நான்காகப் பிரித்து இருமுறை அலசினால், இருபத்தைந்தில் ஒரு பங்கே நிற்கும். இரண்டிரண்டு குடமாக நான்குமுறை அலசினால், எண்பத்தொன்றில் ஒரு பங்கு. நீர் ஒன்றே, பயன் ஒன்பது மடங்கு! ஆகவே, நீரைக் கொட்டி அலசுவதினும், நன்றாகப் பிழிந்து பிழிந்து சிறிது சிறிதாகப் பலமுறை அலசுவதே மேல்.

இதனினும் ஒருபடி மேலே செல்லலாம். கடைசி அலசலில் கழியும் நீர் ஏறத்தாழத் தெளிவாகவே இருக்கும். அதனை வீசாமல் அடுத்த கட்டுத் துணியின் முதல் அலசலுக்கும், அதன்பின் ஊறவைப்பதற்கும் பயன்படுத்தவேண்டும். துணி முன்னோக்கியும் நீர் பின்னோக்கியும் செல்லும் இம்முறையிலேயே பெரிய நாடுகளின் நீண்ட குழாய்வடிவச் சலவை இயந்திரங்கள் இயங்குகின்றன. மூன்று தொட்டிகளை வரிசையாகக் கட்டி, ஒன்றுக்கொன்று சிறிது தாழ்வாக வைத்தால், அதே தத்துவத்தை நம் துறையிலும் நடத்தலாம்.

அடுத்தது வெப்பம். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர் என்னும் நிபுணர், 1959 இல், சலவை என்பது நான்கு சக்திகளின் கூட்டு என்று விளக்கினார்: மருந்து, அடி அல்லது அலைப்பு, வெப்பம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி அதே வெண்மையைப் பெறலாம். இவற்றுள் நேரம் ஒன்றே விலையில்லாதது. இரவே ஊறவைத்த துணிக்குக் காலையில் சூடும் தூளும் குறைவாகவே போதும். 100 லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற மூன்றரை யூனிட் மின்சாரம் செல்லும். 40 டிகிரியோடு நிறுத்தினால் ஒன்றேகால் யூனிட்டுக்குள் முடியும். எண்ணெய், இரத்தம், உணவுக் கறைகளை இளஞ்சூட்டிலேயே கரைக்கும் நொதிகள் கலந்த சலவைத்தூள்கள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. இந்நொதிகளைச் சலவைக்கு முதலிற் கொணர்ந்து 1913 இல் காப்புரிமை பெற்ற ஆட்டோ ரோம் என்பவர், அதற்கு முன் தோல் பதனிடுதலிலும் நொதிகளைப் புகுத்தியவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மருத்துவமனைத் துணிக்கு இச்சிக்கனம் பொருந்தாது. அதனைத் தனியே பிரித்து, 71 டிகிரி சூட்டில் 25 நிமிஷம் வைத்து வெளுக்கவேண்டும் என்பது நெடுநாளாக வழங்கும் சுகாதார விதி. வேலூரிலே ஐடா ஸ்கடர் அம்மையார் 1900 இல் தொடங்கிய மருத்துவ நிலையத்தைச் சுற்றி நோயாளிகளும் உறவினரும் தங்கும் விடுதிகள் நிறைந்துள்ளன. அத்தகைய ஊர்களில் வேலை செய்யும் நம்மவர், விடுதித் துணியையும் நோயாளித் துணியையும் ஒருகாலும் ஒன்றாகக் கலக்கலாகாது. சூரியவெப்பத்தால் நீர் காய்ச்சும் கருவியைக் கூரைமேல் வைத்தால் இச்செலவிலும் பெரும்பகுதி குறையும்.

வெளுப்புத்தூளுக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொள்ளலாம். அது வேலை முடித்தபின் நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் பூந்திக்கொட்டை நீரே போதும். இம்மலைக்காரர் சேகரிக்கும் காட்டுப்பொருள்களோடு அதனையும் நேர்விலை கொடுத்து வாங்குவோமாயின், அவர்களுக்கும் வரும்படி. நமக்கும் நல்ல பொருள்.

உலர்த்துதற்கு நமக்கு வெயில் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரை நெருப்பால் ஆவியாக்க முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான மின்சாரம் செல்லும். வேகமாகச் சுழன்று பிழியும் இயந்திரமோ அதிற் சிறுபகுதிச் செலவிலேயே நீரை உதறிவிடும். ஆகவே இயந்திரத்தில் பிழிந்து வெயிலில் உலர்த்துவதே சிக்கனமான முறை. மழைநாளுக்கு மட்டுமே உலர்த்தும் இயந்திரம்.

இஸ்திரிக்கு மரக்கரி எரிப்பது காட்டுக்கும் கேடு, புகையை விழுங்கும் நம் நெஞ்சுக்கும் கேடு. எரிவாயுப் பெட்டியும் மின்சாரப் பெட்டியும் இன்று கிடைக்கின்றன. இம்மலைக்கு அடுத்த திருவண்ணாமலையிலே, வினிஷா உமாசங்கர் என்னும் பள்ளி மாணவி, தெருவில் இஸ்திரி போடுவோர் கரி எரிப்பதைக் கண்டு, சூரிய ஒளியால் இயங்கும் இஸ்திரி வண்டியை வகுத்தார். அதற்காக 2020 இல் சுவீடன் தேசத்துக் குழந்தைகள் காலநிலைப் பரிசு பெற்று, 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த உலகக் காலநிலை மாநாட்டிலும் பேசினார். வெளுப்புத்தூள் தோன்றிய அதே ஊரிலே, நம் தொழிலின் துயரை நம் அயலூர்ச் சிறுமி உலகத்தார் முன் எடுத்துரைத்தாள் என்பது நாம் நினைத்துப் பார்க்கத்தக்கது.

இறுதியாகக் கழிவுநீர். முதலில் பஞ்சும் இழையும் தங்க ஒரு நெருங்கிய வலை. அடுத்து மண் படிய ஒரு தொட்டி. அதன்பின் சரளையும் மணலும் இட்டுக் கல்வாழையும் நாணலும் நட்ட ஒரு படுகை. இவற்றின் வழியே மெல்லச் சென்ற நீரைத் தரைகழுவவும் கழிப்பிடத்துக்கும் பயன்படுத்தலாம். சோடாவைக் குறைத்தவர் தென்னைக்கும் விடலாம். குடிநீர்க் கிணற்றருகே மட்டும் விடலாகாது.

ஒற்றுமையே முதல்

இவற்றிற் சிலவற்றை ஒவ்வொருவரும் நாளையே தொடங்கலாம். ஆனால் பிழியும் இயந்திரம், சூரிய வெந்நீர்க் கருவி, கழிவுநீர்ப் படுகை ஆகியவை தனியொரு குடும்பத்தால் ஆகக்கூடியவை அல்ல. அதற்கு வழிகாட்ட நம்மவரே இருக்கின்றனர். டச்சுக்காரர் கொச்சியை ஆண்ட காலத்திலே, படைவீரர் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோர் வழிவந்த வண்ணார் குடும்பங்கள் கொச்சிக் கோட்டைப் பகுதியில் இன்றும் வாழ்கின்றன. அவர்கள் வேளி என்னும் இடத்திலே ஒரு பொதுச் சலவைச்சாலையைத் தங்கள் வண்ணார் சங்கத்தின் வாயிலாக நடத்தி வருகின்றனர். இப்போதுள்ள கட்டடம் 1976 இல் கொச்சி வளர்ச்சி ஆணையத்தார் கட்டிக் கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் துவைக்கும் அறை. ஆனால் உலர்த்தும் வெளியும் இஸ்திரிக் கூடமும் பொது. முறுக்கிய இருபுரிக் கயிற்றின் இடையே துணியைச் செருகிக் காயவைப்பதால் அவர்களுக்குக் கவ்வியும் வேண்டுவதில்லை. வேற்றுமொழி நாட்டிலே சிறு கூட்டத்தார் ஒரு சங்கத்தால் தொழிலைக் கட்டிக் காக்கும்போது, சொந்த நாட்டிலே நாம் ஏன் சிதறிக் கிடக்கவேண்டும்?

பணத்துக்கு வழி இல்லாமலில்லை. 2023 செப்டம்பரில் மத்திய அரசாங்கம் தொடங்கிய விசுவகர்மாத் திட்டத்தின் 18 தொழில்களில் சலவைத்தொழிலும் ஒன்றாக எண்ணப்பட்டது. கூட்டுறவு வங்கிகளும் உள. எத்திட்டம் நம் ஜில்லாவில் எவ்வாறு கிடைக்கும் என்று விசாரித்து விண்ணப்பம் எழுதித் தருவது, படித்த நம் இளைஞரின் கடமை.

இன்னும் ஒரு சங்கடத்தை மறைக்காமற் பேசவேண்டும். துவாலையைத் தினமும் வெளுக்கப் போடாதீர் என்று விடுதிக்காரர் விருந்தினருக்குச் சீட்டு வைக்கின்றனர். நீருக்கு அது நன்மை. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் நமக்கோ நஷ்டம். நீரைக் காக்கும் செலவு ஏழைத் தொழிலாளி தலையில் விழுவது தர்மமாகாது. ஆகவே உருப்படிக் கூலியை விட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் செய்துகொள்ளவேண்டும். அல்லது சங்கமே விரிப்பும் துவாலையும் வாங்கி விடுதிகளுக்கு வாடகைக்கு விடவேண்டும். அப்போது துணி நெடுநாள் உழைப்பதும், குறைவாக வெளுப்பதும் நமக்கே இலாபமாகும். நீரைக் கெடுக்காத சலவைக்குச் சிறிது கூடுதல் கூலி கேட்கவும் நாம் கூசவேண்டுவதில்லை.

மேற்கூறியவற்றைத் திரட்டி, சங்கத்தின் ஆலோசனைக்கு நான்கு தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, அங்கத்தினர் யாவரும் குளோரின் வெளுப்பைக் குறைத்து, ஆசிட் கலப்பதை அறவே விடுதல். இரண்டு, சலவைச்சாலை நடத்துவோர் ஒவ்வொருவரும் அலசல் நீரை மறுமுறை பயன்படுத்தத் தொட்டி கட்டுதல். மூன்று, அடிவாரத்து ஊர் ஒன்றில் கழிவுநீர்ப் படுகையோடு கூடிய ஒரு பொதுச் சலவைச்சாலையைக் கூட்டுறவு முறையில் நிறுவ ஒரு குழு அமைத்தல். நான்கு, சலவைக்கூலி விகிதங்களை ஊருக்கு ஊர் ஒன்றுபட்டு நிர்ணயித்தல்.

சகோதர சகோதரிகளே! பிறர் அழுக்கை நீக்குவதே நம் குலத்தொழிலாயிருந்தது. அத்தொழிலைச் செய்ததற்காகவே நம்மைத் தாழ்வாக நோக்கிய காலமும் இருந்தது. இன்று ஆற்றை அழுக்காக்குவோர் இவர்கள் என்னும் புதுப்பழி ஒன்று நம்மேல் விழக் காத்திருக்கிறது. அதற்கு நாம் இடம் கொடுக்கலாகாது. துணியைப்போலவே நீரையும் வாங்கியபடி திருப்பிக் கொடுக்கவேண்டியவர் நாம். வெளுக்கப் போட்டவன் துணியைத் தொலைத்துவிட்டோம் என்று நம் முன்னோர் எந்த வீட்டு வாசலிலும் தலைகுனிந்து நிற்க விரும்பியதில்லை. ஊரார் நீரைத் தொலைத்துவிட்டோம் என்று நம் பிள்ளைகள் நிற்கும்படி நாம் செய்யலாமா? சங்கத்தார் இத்தீர்மானங்களை ஏற்று நடத்தி, நம் தொழிலையும் நாட்டின் நீரையும் ஒருங்கே காக்கவேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.